பனிக்கால வரப்புப் பூக்களைப் படம் எடுத்து அறிவோம்

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வயலுக்குச் செல்லும் உழவர் பெருமக்களுக்குப் பனிமூட்டம் புதிதன்று. எதிர் வரப்பில் நிற்கும் ஆள்கூடத் தெரியாத அந்த நேரத்தில், காலடியில் தும்பையும் கானாவாழையும் விஷ்ணுகிராந்தியும் பூத்து நிற்கின்றன. அவற்றை நாள்தோறும் மிதித்துச் செல்கிறோம். வரப்பு செதுக்கும்போது மண்வெட்டியால் வெட்டித் தள்ளுகிறோம். அவற்றுள் நன்மை செய்வது எது, கேடு செய்வது எது என்று நின்று பார்ப்பதில்லை. இப்பொழுது பெரும்பாலான உழவர் இல்லங்களில் படம் எடுக்கும் வசதியுள்ள செல்போன் இருக்கிறது. அதைக் கொண்டு பனிக்காலக் காலை வேளையில் வயல்வெளிப் பூக்களை முறையாகப் படம் எடுப்பது எப்படி, அதனால் சாகுபடிக்கு என்ன பயன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நான் குடியிருப்பது புதுச்சேரி நகரின் வடபகுதியான முத்தியால்பேட்டை. வீடுகள் நெருக்கமாக அமைந்த பகுதி. வயல் என்று எதுவும் இல்லை. ஆயினும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், வீடு கட்டாமல் கிடக்கும் மனைகளில் தும்பை வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். மதிலோரங்களில் மூக்கிரட்டை படரும். நகரத்து மனையிலேயே இவ்வளவு என்றால், உங்கள் வரப்பில் எத்தனை வகை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு தவற்றால் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில், மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த கரும்பு உழவர் ஒருவர் செல்போனில் எனக்கு ஒரு படம் அனுப்பிவிட்டுப் பேசினார். "சார், கரும்புக்கு நடுவுல வெள்ளையா சின்னச் சின்னப் பூ பூத்திருக்கு. அந்த இடத்துல கரும்பும் வாட்டமா நிக்குது. என்னான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். படத்தில் பனிப்புகைக்கு நடுவே மங்கலாக ஒரு வெள்ளைப் பூ தெரிந்தது. இலை தெரியவில்லை. தண்டு தெரியவில்லை. செடி எவ்வளவு உயரம் என்பதும் தெரியவில்லை. நான் வகுப்புக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தேன். காலையில் பார்த்து வந்த தும்பைதான் மனத்தில் இருந்தது. "தும்பைதான், பயப்பட வேண்டாம். களை எடுக்கும்போது எடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்த வயலுக்கு நேரில் சென்றேன். அது தும்பை அன்று, சுடுமல்லி. பூ முடிந்து, காய் முற்றி, விதை சிதறத் தொடங்கியிருந்தது. சுடுமல்லி கரும்பு, சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றின் வேரில் ஒட்டிக்கொண்டு நீரையும் சத்தையும் உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிக் களையாகும். மண்ணுக்கு மேலே தலை காட்டுவதற்கு முன்பே அது பயிருக்குக் கேடு செய்யத் தொடங்கிவிடுகிறது. ஒரு செடியில் பல்லாயிரம் விதைகள் உண்டாகும். அவை தூசி போல நுண்ணியவை. காற்றிலும் நீரிலும் கலப்பைக் கொழுவில் ஒட்டிய மண்ணிலும் பரவக்கூடியவை. ஏற்ற பயிரின் வேர் அருகில் வரும்வரை பத்து ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உறங்கிக் கிடக்கும் ஆற்றல் உடையவை.

அந்த உழவர் என்னைக் கடிந்து பேசவில்லை. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா பூவோட புடுங்கிப் போட்டிருப்பேன் சார்" என்று மட்டும் சொன்னார். தவறு அவர் அனுப்பிய படத்தில் இல்லை. அந்த ஒரு படத்தை வைத்து முடிவு சொன்ன என்னிடம்தான் இருந்தது. "இலை, தண்டு, வேர் ஆகியவற்றையும் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

தும்பையையும் சுடுமல்லியையும் பிரித்தறிவது கடினம் அன்று. தும்பையில் பூக்கள் கணுவைச் சுற்றிக் கொத்தாக, உருண்டையாக அமைந்திருக்கும். சுடுமல்லியில் இலைக் கக்கத்துக்கு ஒரு பூவாகத் தண்டின் நீளத்துக்கு வரிசையாக இருக்கும். பூவின் குழல் நடுவில் சற்று வளைந்திருக்கும். தும்பை இலையைக் கசக்கினால் வாசனை வரும். தும்பைக்குத் தனி வேர் உண்டு. சுடுமல்லியை மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுத்துக் கழுவிப் பார்த்தால், அதன் வேர் பயிரின் வேரோடு ஒட்டியிருப்பது தெரியும். இவற்றுள் வாசனை நீங்கலாக மற்ற எல்லாவற்றையும் படத்தில் காட்டிவிட முடியும்.

பனிமூட்டக் காலை ஏன் ஏற்றது?

மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழந்து குளிர்கிறது. மழைக்குப் பின் மண்ணில் ஈரம் நிறைந்திருப்பதால், நிலத்தை ஒட்டிய காற்றிலும் ஈரம் மிகுதி. அந்தக் காற்று குளிரும்போது ஈரம் நுண்ணிய நீர்த்துளிகளாக மாறி மிதக்கிறது. இதுவே பனிமூட்டம். வெயில் ஏறி நிலம் சூடானதும் இது கலைந்துவிடும்.

பனிமூட்டம் இருக்கும் நேரத்தில் படம் எடுப்பதால் மூன்று நன்மைகள் உண்டு.

முதலாவது, வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டுச் சிதறி எல்லாப் பக்கமிருந்தும் சமமாக விழுகிறது. கடும் வெயிலில் வெள்ளைப் பூவைப் படம் எடுத்தால் இதழ் வெறும் வெள்ளைத் திட்டாகவும், அடியில் உள்ள இலை கறுப்பாகவும் விழும். பனிமூட்ட வெளிச்சத்தில் இதழின் நரம்பும் இலையின் மயிரும் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, காற்று அசைவதில்லை. மெல்லிய காம்பில் ஆடும் பூவைப் படம் எடுப்பதில் உள்ள பெரிய தொல்லை இதனால் நீங்குகிறது.

மூன்றாவது, குளிரில் பூச்சிகள் விறைத்துப்போய்ப் பூவிலும் இலையிலும் அசையாமல் இருக்கும். வெயில் ஏறியபின் பறந்துவிடும் குளவியையும் தேனீயையும் இந்த நேரத்தில் அருகில் சென்று படம் எடுக்கலாம்.

எந்தப் பூவை எப்பொழுது தேடுவது?

எல்லாப் பூவும் விடியலில் மலர்வதில்லை. எனவே நேரம் அறிந்து செல்ல வேண்டும்.

கானாவாழை: வரப்பின் ஈரமான பக்கத்தில் படரும். நீல நிறப் பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடிவிடும். காலையில் தவறவிட்டால் அன்று கிடைக்காது.

விஷ்ணுகிராந்தி: மேட்டு நிலத்திலும் காய்ந்த வரப்பிலும் தரையோடு படர்ந்திருக்கும். சிறிய நீலப் பூ. காலையில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும்.

நெருஞ்சி: மஞ்சள் பூ. வெயில் தேவை. பனிமூட்டம் உள்ள நாளில் தாமதமாகத்தான் விரியும். எனவே கடைசியாக எடுக்கலாம்.

தும்பை: நாள் முழுதும் எடுக்கலாம். எனினும் வெள்ளைப் பூவாதலால் பனிமூட்ட வெளிச்சமே சிறந்தது.

சிறுபீளை: பொங்கலுக்குக் காப்புக் கட்டும் வழக்கமுள்ள ஊர்களில் எல்லோரும் அறிந்த செடி. பஞ்சு போன்ற பூங்கதிர்களில் பனித்துளி கோத்து நிற்கும். பனி சற்று உலர்ந்தபின் எடுத்தால்தான் கதிரின் அமைப்புத் தெரியும்.

நீர்முள்ளி: வாய்க்கால், குட்டை ஓரங்களில் வளரும். ஊதா நிறப் பூ. கணுதோறும் நீண்ட முள் உண்டு. கையைக் கவனமாக நீட்ட வேண்டும்.

கொட்டைக்கரந்தை: நெல் அறுவடையான தாளடியில் தை, மாசியில் காணலாம். உருண்டையான ஊதாப் பூங்கொத்து.

துத்தி: இதன் மஞ்சள் பூ பிற்பகலில்தான் விரியும். காலையில் மொட்டையும், சக்கரம் போன்ற காயையும் மட்டுமே எடுக்க முடியும்.

படம் எடுக்கும் முறை

1. நேரம்: தை மாதத்தில் புதுவைப் பகுதியில் சூரியன் ஏறத்தாழ 6.30 மணிக்கு உதிக்கிறது. மூட்டம் மிக அடர்த்தியாக இருக்கும்போது பூவின் மீது நீர் கோத்து, இதழ்கள் ஒட்டிக் கிடக்கும். எதிர் வரப்பு மங்கலாகத் தெரியத் தொடங்கும் நேரமே படம் எடுக்கத் தொடங்கும் நேரம். அது முதல் வெயில் உறைக்கும் வரை கிடைக்கும் அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தைப் பயன்படுத்த வேண்டும்.

2. கண்ணாடியைத் துடைத்தல்: செல்போனின் படக்கண்ணாடியில் விரல் எண்ணெயும் பனி ஈரமும் படிந்தால் படம் முழுதும் புகை படிந்தாற்போல் ஆகிவிடும். ஒவ்வொரு செடிக்கும் முன்பு மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். ஏ.சி. அறையிலிருந்து அப்படியே வெளியே கொண்டு வந்தாலும் கண்ணாடியில் ஆவி படியும். சில நிமிடம் வெளியில் வைத்திருந்தபின் எடுக்கலாம்.

3. பூவின் உயரத்துக்குக் குனிதல்: நின்றபடி மேலிருந்து எடுத்தால் பூவின் முகம் மட்டுமே விழும். ஒரு சாக்கை மடித்துப் போட்டு முழங்காலிட்டு, செல்போனைப் பூவின் உயரத்துக்குத் தாழ்த்த வேண்டும்.

4. தூரம்: மிக அருகில் கொண்டு சென்றால் படம் கலங்கும். ஒரு சாண் தூரத்தில் வைத்து, திரையில் பூ தெரியும் இடத்தை விரலால் தொட்டு, அது தெளிவானபின் எடுக்க வேண்டும்.

5. வெளிச்ச அளவு: பனிமூட்டத்தின் வெண்மையைக் கண்டு செல்போன் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். செடி கறுத்துத் தெரிந்தால் திரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டவும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பூவை மட்டும் எடுக்கும்போது சற்றுக் குறைக்கவும்.

6. பிளாஷ் வேண்டாம்: பனித்துளிகளில் அந்த ஒளி பட்டுத் திரும்பி வெள்ளைப் புள்ளிகளாக விழும்.

7. பின்னணி: சுண்டைக்காய் அளவுள்ள பூவுக்குப் பின்னால் உள்ளங்கையையோ கறுப்புத் துணியையோ பிடித்தால் தனியாக எடுத்துக் காட்டும்.

8. அளவு காட்டுதல்: செடியின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அல்லது தீப்பெட்டியை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும்.

எத்தனை அழகாக எடுத்தாலும் ஒரு படம் போதாது. ஒரு செடிக்கு ஐந்து படங்கள் என்று வழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். முழுச் செடி, அது நிற்கும் இடத்தோடு ஒன்று. இலையும் தண்டும் சேரும் கணு ஒன்று. பூவின் முன்பக்கம் ஒன்று. பூவின் பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று. காய் அல்லது வேர் ஒன்று. ஐந்தாவது படத்துக்காகப் பலவாக நிற்கும் களைகளில் ஒன்றைத் தோண்டலாம். அரிதாக ஒன்றிரண்டே நிற்கும் செடியைப் பிடுங்கக் கூடாது.

முதல் பூ வரும் முன்பே களையை அறிய வேண்டிய இடங்களிலும் கணுப் படம் உதவும். நெல்லில் இலை தண்டைச் சேரும் இடத்தில் மெல்லிய சவ்வு போன்ற நாக்கு உண்டு. நெல்லைப் போலவே வளரும் குதிரைவாலிப் புல்லில் அது இல்லை. இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவான படம் காட்டிவிடும்.

எச்சரிக்கை: பனி மறைப்பில் வரப்பில் பாம்பு கிடப்பது தெரியாது. முழங்கால் வரையுள்ள காலணி அணிந்து, கையில் கோலுடன், தரையைத் தட்டிப் பார்த்தபின் உட்கார வேண்டும். பனி ஈரம் உலரும் முன்பு பயிருக்குள் புகுந்து நடக்க வேண்டாம். நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் உள்ள வயலாயின் ஈரத்தோடு நோய் பரவ வாய்ப்பு உண்டு. வரப்பிலிருந்தே எடுக்க முடிந்தவற்றை எடுத்தால் போதும்.

நம் நாட்டுச் செடியா, வெளிநாட்டுச் செடியா?

கண்ணுக்குப் பழகிய செடி எல்லாம் நம் மண்ணின் செடி என்று எண்ணிவிடக் கூடாது. வெட்டுக்காயப் பூண்டு என்று நாம் அழைக்கும் மூக்குத்திப்பூச் செடி அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்தது. உன்னிச்செடியும் ஆகாயத்தாமரையும் அப்படியே. பார்த்தீனியம் 1950-களில் புனே நகரில் கவனத்துக்கு வந்து, பிறகு நாடு முழுதும் பரவிய அமெரிக்கக் களையாகும். இது தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்குவதால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

அதே நேரத்தில், வெளிநாட்டுச் செடி எல்லாம் கேடு, நம் நாட்டுச் செடி எல்லாம் நன்மை என்றும் கொள்ள முடியாது. வெட்டுக்காயப் பூண்டின் பூவில் பட்டாம்பூச்சியும் சிறு குளவியும் தேன் அருந்துகின்றன. நம் மண்ணிலேயே உள்ள சுடுமல்லி கரும்பை வாட்டுகிறது. எனவே பெயரையும் இயல்பையும் அறிந்த பிறகே வைத்திருப்பதா, அகற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும். படம் எடுப்பதன் பயன் இதுவே.

வரப்புப் பூவால் பயிருக்கு என்ன பயன்?

பயிரைத் தாக்கும் பூச்சியின் முட்டையிலும் புழுவிலும் தன் முட்டையை இட்டு அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் பல உள்ளன. வளர்ந்த குளவிக்கு உணவு பூவின் தேன். மலர் ஈயின் புழு அசுவினியைத் தின்னும். ஆனால் வளர்ந்த ஈ தேனும் மகரந்தமும் உண்டே வாழும். வரப்பில் ஒரு பூவும் இல்லாமல் சுத்தமாகச் செதுக்கிவிட்டால், நமக்கு உதவும் இந்தப் பூச்சிகளுக்கு உணவு இல்லாமல் போகிறது.

சீனா, வியட்நாம், தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளில் நெல் வயல் வரப்புகளில் எள் முதலிய தேன் தரும் பூச்செடிகளை வளர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2016-ஆம் ஆண்டு வெளியாயிற்று. பூச்செடி வளர்த்த வயல்களில் பூச்சிமருந்து தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 5 சதவீதம் கூடியது.

ஆயினும் வரப்பு முழுவதையும் காடாக விட்டுவிடுவது சரியன்று. புல் அடர்ந்தால் இலைச்சுருட்டுப் புழுவுக்கு இடமாகும். அகலமான, புதர் மண்டிய வரப்பில் எலி வளை தோண்டும். எனவே புல்லையும் ஒட்டுண்ணிக் களையையும் பார்த்தீனியத்தையும் அகற்றி, தும்பை போன்ற பூச்செடிகளை ஓரளவு விட்டுவைப்பதே நல்லது. எல்லாவற்றையும் ஒரே அடியாகக் கருக்கும் களைக்கொல்லியை வரப்பில் தெளிக்கும் முன், அங்கே என்ன பூத்திருக்கிறது என்பதை ஒரு முறை படம் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

படத்தோடு குறிப்பும் வேண்டும்

முத்தியால்பேட்டையிலிருந்து சிறிது தூரத்தில், கடற்கரையை ஒட்டி, 1955-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள உலர் தாவரத் தொகுப்பில் ஆயிரக்கணக்கான செடிகள் அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கப்படுகின்றன. உலர்ந்த செடியில் பூவின் நிறம் போய்விடும். ஆனால் எடுத்த இடம், நாள் ஆகியவற்றைச் சொல்லும் சீட்டு அதனுடன் இருக்கும். அதனால்தான் பல ஆண்டுகள் கழித்தும் அது ஆய்வுக்குப் பயன்படுகிறது. நம் செல்போன் படத்தில் நிறம் இருக்கிறது. சீட்டுத்தான் இல்லை.

எனவே ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு செடிக்கும் ஐந்து வரி எழுதி வைக்க வேண்டும். நாளும் நேரமும், எந்த வயல் எந்த வரப்பு, அப்பொழுது நின்ற பயிரும் அதன் பருவமும், ஊரில் வழங்கும் செடியின் பெயர், பூவில் கண்ட பூச்சி. பெயர் தெரியாவிட்டால் ஊர்ப் பெரியவர்களைக் கேட்கலாம். அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதலாம். ஒரே பெயர் இரண்டு ஊரில் இரண்டு செடிக்கு வழங்குவது உண்டாதலால், படத்தையும் குறிப்பையும் சேர்த்தே வேளாண்மை அலுவலரிடமோ அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்ட வேண்டும். புதுவைப் பகுதி உழவர்களுக்குக் குரும்பாப்பேட்டில் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது.

முடிவாக

மண்ணாடிப்பட்டுக் கரும்பு உழவர் அடுத்த ஆண்டு அதே இடத்தைக் கவனித்து வந்தார். சுடுமல்லி மீண்டும் முளைத்தது. இம்முறை மொட்டு விடும்போதே ஐந்து படங்கள் எடுத்து அனுப்பினார். வேர் கரும்பு வேரோடு ஒட்டியிருந்தது படத்தில் நன்றாகத் தெரிந்தது. ஐயத்துக்கு இடம் இல்லை. அன்றே ஆள் வைத்துப் பிடுங்கி, வயலுக்கு வெளியே கொண்டு போய் எரித்தார். மீண்டும் துளிர்த்தவற்றின் மீது மட்டும் படும்படி 20 சதவீத யூரியாக் கரைசலைத் தெளித்தார். பக்கத்து நிலத்தில் வெண்டை இருந்ததால் 2,4-டி களைக்கொல்லி அங்கே ஏற்றதன்று. முன் ஆண்டு விழுந்த விதை இன்னும் மண்ணில் கிடக்கிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்ததும் அவர் அந்த இடத்தைச் சுற்றி வந்து பார்க்கிறார். புதிய விதை விழாமல் பார்த்துக்கொள்கிறார்.

உழவர் பெருமக்களே! பனி விலகும் அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் வயலைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். தெரியாத பூ கண்ணில் பட்டால், வெட்டும் முன் ஐந்து படங்கள் எடுங்கள். நாளும் இடமும் எழுதி வையுங்கள். பெயர் கேட்கும்போது ஐந்தையும் காட்டுங்கள். ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் உடனே பெயர் சொன்னால், அவர் படித்தவராக இருந்தாலும், "இலையையும் வேரையும் பார்த்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.